மணிக்கு இருமல்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போட விடாமல் செய்தவன் எங்கள் நாய் மணி. தீபாவளிக்குத் திருநெல்வேலி போனபோது அவனை நாலு நாள் ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தோம். திரும்பி வந்த ஆறாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது.

வாத்து கத்துவது போல ஒரு வறட்டு இருமல். கழுத்தை நீட்டி, முன்காலை அகட்டிக்கொண்டு நாலைந்து தடவை இருமுவான். கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் வெள்ளை நுரையைக் கக்குவான். "எலும்பு மாட்டிக்கிச்சு" என்று இவர் டார்ச் அடிக்க, நான் வாய்க்குள் விரல் விட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. அவனோ இருமி முடித்ததும் வாலை ஆட்டிக்கொண்டு சோற்றுத் தட்டுக்குப் போய்விட்டான்.

காலையில் பேரனுடைய பாரசிட்டமால் சிரப்பைக் கையில் எடுத்துவிட்டேன், கலா. நல்லவேளை, கொடுக்கவில்லை. டாக்டரிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். அது நாயின் ஈரலைக் கெடுத்துவிடுமாம். ஐபுபுரூஃபன் என்றால் குடல் புண்ணும் சிறுநீரகக் கோளாறும். சர்க்கரை இல்லாத சிரப் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு இன்னும் மோசம், ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும்.

டாக்டர் மணியின் தொண்டைக் குழலை லேசாக அழுத்தினார். உடனே அதே வாத்துச் சத்தம். "கென்னல் காஃப்" என்றார், அதாவது நாய் விடுதி இருமல். போர்டெடெல்லா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ் இப்படி ஒன்றோ பலவோ சேர்ந்து வருவது. நாய்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் காற்றிலேயே பரவும். தொற்றி 2 முதல் 14 நாளில் இருமல் தொடங்கும் என்றார். நான் கணக்குப் போட்டேன், விடுதிதான். ஊசி போட்ட அட்டையைக் காட்டுங்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லையே!

தெர்மாமீட்டரில் 102 என்றதும் எனக்குப் பகீரென்றது. நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணமாம். மஞ்சள் சளியோ கண்ணில் பூளையோ இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியும் போட்டிருக்கிறது என்பதால் ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். கழுத்துப் பட்டையைக் கழற்றி மார்புப் பட்டை மாட்டியிருக்கிறோம். தினமும் பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் அவனோடு பத்து நிமிஷம் உட்காருகிறேன். என் மூக்கடைப்பும் விட்டது!

அப்புறம், உன் ஜூலி விஷயம். ராத்திரியில் இருமுகிறாள், சளிதான் என்று துளசிக் கஷாயம் கொடுப்பதாக எழுதியிருந்தாய். அவள் பொமரேனியன், பதினொரு வயது. அந்த வயதில் சின்ன நாய்க்கு வரும் இருமல் மூச்சுக்குழல் தளர்ந்ததாலும் வரலாம், இதயத்தாலும் வரலாம். எனக்கு உன் சளிக் கதையில் நம்பிக்கையில்லை. அவள் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிப் பார். முப்பதைத் தாண்டினால் கஷாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போ. நாக்கு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டெல்லாம் இருக்காதே. முப்பதுக்குள் இருந்தாலும் இந்த வாரம் ஒருமுறை காட்டிவிடு.

மணிக்கு முழுசாக அடங்க மூன்று வாரம் ஆகலாமாம். அதுவரை எதிர்வீட்டு நாயோடு கேட் வழியாக மூக்கு உரசத் தடை. அது தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எண்ணிப் பார்த்ததும் போன் பண்ணு, கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
வசந்தா