ஹினோவின் சிறகு

ரங்கூன்

அன்புள்ள மாரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டால் என் முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது.

பேரன் வண்டிச் சின்னங்களாகப் படம் சேர்க்கிறான், பழைய ஹினோ லாரியின் முகத்தில் இருந்த சிறகு என்ன என்று கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். பட்டறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவனிடம் இதைக் கேட்டால் சும்மா விடுவேனா? அது ஹினோ கம்பெனியின் பழைய சின்னம்.

ஹினோவின் பூர்வீகம் ஒரு காஸ் கம்பெனி. 1910இல் தோக்கியோவில் எரிவாயுச் சாமான் செய்ய ஆரம்பித்தவர்கள், சில வருஷத்தில் லாரிக்கு வந்துவிட்டார்கள். 1937இல் இன்னொரு வண்டிக் கம்பெனியோடு இணைப்பு, 1942இல் பாகப்பிரிவினை. அந்தப் பக்கம் நின்ற பங்காளிதான் பிற்பாடு இசுஸு. பிரிந்து வந்தவர்கள், தொழிற்சாலை இருந்த ஊரின் பேரையே வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்து ராணுவ வேலை நின்றதும், இழுவை வண்டிக்குப் பின்னால் நீளமான பயணிப் பெட்டியைக் கோத்து 1947இல் ட்ரெய்லர் பஸ் விட்டார்கள். அப்புறம் 1952இல், இன்ஜினை பஸ்ஸின் தளத்துக்கு அடியில் படுக்கவைத்து 'புளூ ரிப்பன்'. அந்தப் பெயரில் இன்றைக்கும் பஸ் வருகிறது.

நம் ஊருக்கு ஹினோ வந்தது போர் நஷ்டஈட்டின் வழியாக. 1954இல் ஜப்பான் பர்மாவோடு ஒப்பந்தம் போட்டதல்லவா, அதையொட்டி இங்கேயே பூட்டிச் செய்ய நாலு தொழில் வந்தன. பெரிய வண்டிக்கு ஹினோ, சின்ன வண்டிக்கு மாஸ்டா, உழவுக் கருவிக்குக் குபோட்டா, மின்சாமானுக்கு மட்சுஷிட்டா. 1964இல் நீ இந்தியாவுக்குக் கப்பலேறிய சமயம், போரில் விட்டுப்போன செவர்லே ராணுவ லாரிகளில் மரக்கூடு கட்டிய பஸ்ஸில்தானே தொங்கிக்கொண்டு போவோம்? மூக்கு நீண்ட டி.ஈ. 11 மாடல் ஹினோ லாரியை அதற்குப் பிறகு நான் பார்த்த அளவு நீ பார்த்திருக்க மாட்டாய்.

எங்கள் பட்டறைக்கு ஒரு டி.ஈ. 11 வரும். கேபின் தேக்குப் பலகை, ரேடியேட்டர் தகரக்காரர் அடித்துக் கொடுத்தது, கியர்பாக்ஸ் எந்த வண்டியுடையது என்று அதன் முதலாளிக்கே தெரியாது. சிறகு மட்டும் அசல். பெயின்ட் அடிக்கும் முன் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டிய பிறகுதான் அவர் காசை எடுப்பார். லாரியில் மிச்சமிருந்த ஜப்பான் அவ்வளவுதான்!

1970 டிசம்பரில் சாலையில் வலப்பக்கம் போகச் சொல்லி உத்தரவு வந்ததே, அதைப் பற்றி அப்போதே எழுதியிருந்தேன். பிற்காலத்தில் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய பஸ்களுக்கு அதனால்தான் தொல்லை. கதவு இடப்பக்கம், அதாவது நடுரோட்டில் திறக்கும். நாங்கள் அதைத் தகரம் வைத்து அடைத்து, அந்த இடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, வலப்பக்கம் அறுத்துப் புது வாசல் வைப்போம். முன்னால் இருக்கும் சின்னத்தையோ, பக்கவாட்டில் இருக்கும் ஜப்பானிய எழுத்தையோ தொட மட்டும் முதலாளிகள் விடமாட்டார்கள். ஜப்பான் வண்டி என்றால் ஸ்பேர் பையன், அதாவது கண்டக்டர், கூவாமலே கூட்டம் ஏறும்.

அங்கே கம்பெனி 1994இல் சிறகைக் கழற்றிவிட்டு, ஹெச் எழுத்தை வளைத்துச் செய்த இப்போதைய சின்னத்துக்கு மாறிவிட்டது. 2001இல் டொயோட்டா பெரும்பங்கை வாங்கியது. பேரனுக்கு நீ அவசியம் சொல்லவேண்டியது அடுத்த சங்கதி. 1942இல் பிரிந்த பங்காளிகள் 2002இல் பஸ் கட்டுவதற்கு மட்டும் மறுபடி கைகோத்து, ஜே-பஸ் என்று தொடங்கினார்கள். ஹினோவின் செலேகாவும் இசுஸுவின் காலாவும் இப்போது ஒரே பஸ்தான். ஒரே இடத்தில் செய்து, ஒன்றில் இந்தச் சின்னத்தையும் மற்றதில் அந்தச் சின்னத்தையும் ஒட்டி அனுப்புகிறார்கள். ஆகவே அவன் நோட்டில் இரண்டையும் அக்கம்பக்கமாக ஒட்டட்டும்.

ரங்கூனில் 2017இல் பஸ் தடங்களையெல்லாம் மாற்றியமைத்த பிறகு சீனத்துப் புது பஸ்கள்தான் அதிகம். குளிர்சாதனம் உண்டு, முழங்காலுக்குச் சௌகரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முன்பக்கத்தைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

என்னிடம் ஒரு சிறகு இருக்கிறது, ஒரு முனை உடைந்தது. காளியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து வருகிற ஆள் யாராவது இருந்தால் எழுது, பேரனுக்குக் கொடுத்தனுப்புகிறேன். பதிலுக்கு வியாசர்பாடிப் பக்கம் ஏதாவது பட்டறையில் அசோக் லேலண்ட் சின்னம் கிடைக்குமா பார். பழசாக இருந்தால் விசேஷம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்