கார்பெட்டுக்கு அடியில் கிடந்த அட்சதை

மிசிசாகா, கனடா
9.2.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. அது வந்த அன்று வீட்டில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. சோபா கராஜில், சாப்பாட்டு மேசை பேஸ்மென்டில், அடுப்பு ஹாலுக்கு நடுவில். சாமி படங்களெல்லாம் குளியலறைக்கு எதிரே உள்ள துணி அலமாரியில். அதற்கு உன் தங்கச்சி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்த கதையை நீ எழுதியிருந்தாய் அல்லவா, படித்துவிட்டுச் சிரித்தேன். அங்கே நீ தரையோடு மல்லுக்கட்டிய அதே மாதத்தில் இங்கே நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். உன் மருமகன் மில்ட்டனில் வாங்கிய வீட்டில் கோடைக்குள் மரத்தரை போடப் போகிறார், என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். முட்டி வலி இன்னும் போகவில்லை, எதுவும் மறக்கவுமில்லை.

முதலில் உன் சந்தேகம். ‘என்ஜினியர்டு ஹார்ட்வுட் என்றால் மரமா, மரம் மாதிரியா?’ மரம்தான். மேலே இரண்டிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரை நிஜ மரம், அதற்குக் கீழே பெரும்பாலும் பிளைவுட் அடுக்கு. கோரைப்பாயில் பாவும் ஊடும் குறுக்கே போகிறதே, அதுபோல ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்ததற்குக் குறுக்காக ஓடும். தனி மரப் பலகை ஈரத்தில் அகலும், வறட்சியில் சுருங்கும். இதில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால் ஆட்டம் குறைவு. குறைவுதான், இல்லாமல் போவதில்லை. கடைக்காரர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்வதில்லை.

நாங்கள் எடுத்தது ஐந்து அங்குல அகல ஓக். 900 சதுர அடிக்கு வேண்டும். வெட்டில் போவது, கோணலாக வருவது எல்லாம் சேர்த்துப் பத்து சதவீதம் கூட வாங்கச் சொன்னார்கள். பெட்டிக்கு 20 சதுர அடி, ஐம்பது பெட்டி. டிசம்பரில் தள்ளுபடி போட்டிருந்தான். நான் ஆசைப்பட்டு வாங்கி கராஜில் அடுக்கிவிட்டேன். வெளியே மைனஸ் பத்து. அரிசி மூட்டை வாங்கிப் போட்ட திருப்தி எனக்கு.

தரை போட வந்தவர் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர். இருபது வருடமாக இதே தொழில். முதல் நாள் வந்தவர் வீட்டைக்கூடப் பார்க்கவில்லை, கராஜைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “ஐயோ, இதை ஏன் இஞ்ச வச்சிருக்கிறியள்? மரமும் மனுசர் மாதிரித்தான். வந்த வீடு பழகோணும்.” சரி, இப்போதே உள்ளே கொண்டுவருகிறேன் என்றேன். அதற்கும் விடவில்லை. “முதல்ல வீடு காயட்டும். பெயின்ட், பூச்சு, ஈர வேலை எல்லாம் முடியோணும். பிறகுதான் மரம் உள்ள வரும்.”

அன்றிலிருந்து தரை போட ஆரம்பித்த நாள் வரை ஏறக்குறைய ஒரு மாதம். தரை போட்டது ஐந்தே நாள். உன் மருமகனிடம் இந்தக் கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடு. ஐந்து நாள் வேலை என்று நம்பித்தான் நான் விருந்தாளிகளை அழைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மகன் வந்திருந்தான். கார்பெட்டை நாங்களே பிடுங்கினோம். மூன்றடி அகலத்துக்குப் பின்பக்கமாகக் கத்தியால் கீறி, பாய் மாதிரி சுருட்டிக் கட்டி வெளியே போட வேண்டும். அது சுலபம். சுவரோரம் கார்பெட்டைப் பிடித்திருக்கும் ஆணிப்பட்டை இருக்கிறதே, அதைக் கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டும், ஒவ்வொரு ஆணியும் மேல்நோக்கி நிற்கும். அப்புறம் அடியில் போட்ட பஞ்சு மெத்தையைப் பிடித்த ஸ்டேப்பிள் பின்கள். எத்தனை என்கிறாய்? எண்ண ஆரம்பித்து ஆயிரத்தில் விட்டுவிட்டேன். குறடும் முட்டிக்குப் பட்டையும் இல்லாமல் ஒருவரும் இறங்கக்கூடாது. ஆரம்பிக்கும் முன் தரையில் இருக்கும் சூடுகாற்றுத் துவாரங்களையெல்லாம் பிளாஸ்டிக் போட்டு டேப் ஒட்டி மூட வேண்டும். இல்லாவிட்டால் தூசியும் பின்னும் குழாய்க்குள் போய் வசந்தகாலம் வரை வீடெங்கும் மணக்கும். நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம், அது உன் தங்கச்சியின் பூஜை அறையில் இருந்தது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

வாசல் பக்கச் சுவரோரம் பட்டையை நெம்பியபோது மஞ்சள் ஒட்டிய அரிசி நாலைந்து மணி கிடந்தது. 2003-இல் கிரகப்பிரவேசத்தில் தூவிய அட்சதை! இருபது வருடத்துக்கு மேல் வாக்குவம் கிளீனருக்குத் தப்பியிருக்கிறது. உன் தங்கச்சி அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

சமையலறையில் பழைய வினைல் விரிப்பு. அதைக் கிழிக்கப் போனவனை அண்ணர் கத்தித் தடுத்தார். எங்கள் வீடு 1979-இல் கட்டியது. அந்தக் காலத்து வினைலிலும் அதன் அடிப் பசையிலும் நுரையீரலுக்கு ஆகாத ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். கனடா அதை 2018 கடைசியில்தான் தடை செய்தது, வீடுகளுக்குள் இருப்பது இருக்கிறபடிதான் இருக்கும். கிழித்தால், சுரண்டினால் நார் காற்றில் கலந்துவிடும். ஒரு சின்னத் துண்டை நனைத்து வெட்டி, பையில் மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். இல்லை என்று வந்தது. மில்ட்டன் வீடு புதிது என்றால் மருமகனுக்கு இந்தக் கவலை வேண்டாம். பழைய வீடு என்றால் இந்தப் பத்தியைத் திரும்பப் படிக்கச் சொல்.

கார்பெட் போன பிறகுதான் வீடு தன் உண்மை முகத்தைக் காட்டியது. கீழே உத்தரங்களின் மேல் அடித்த பிளைவுட் தளம். அதில், கொல்லைப்புறத்துக் கண்ணாடிக் கதவருகே, டீக்கறை மாதிரி பெரிய வட்டம். மிதித்தால் கொஞ்சம் அமுங்கியது. அண்ணர் ஈரம் அளக்கும், இரண்டு ஊசி உள்ள ஒரு மீட்டரை எடுத்துக் குத்தினார். ஹாலில் எங்கும் எட்டு, ஒன்பது சதவீதம். அங்கே பதினேழு. கதவின் கீழ்ச் சட்டத்தில் பழைய அடைப்புப் பசை வெடித்து, ஒவ்வொரு வருடமும் உருகிய பனித் தண்ணீர் அதன் வழியாக உள்ளே வந்து ஊறியிருக்கிறது. கார்பெட் அத்தனையையும் குடித்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறது.

எனக்கு அவசரம். மேலே ஏதாவது தாள் விரித்துவிட்டுப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அடித்தளத்தில் ஈரம் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மூன்று அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை என்றால் பலகைக்கும் தளத்துக்கும் ஈர வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விளக்கினார். இல்லையென்றால் கீழே குடித்த ஈரத்தால் பலகையின் ஓரங்கள் தூக்கும், நடு குழியும். ஆறு மாதத்தில் தரை ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஆகிவிடுமாம். கதவுக்காரனை வரவழைத்து முதலில் ஒழுகலை அடைத்தோம். நாலடிக்கு இரண்டடி பிளைவுட்டை வெட்டி எறிந்து புதிது வைத்தோம். மின்விசிறி ஓடவிட்டு உத்தரம் காய ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் நான் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

மருமகன் பேஸ்மென்டிலும் போட நினைத்தால் அங்கே கான்கிரீட். கான்கிரீட் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் மேலேறிக்கொண்டே இருக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாளைக்கு மேல் விட்டால் அடியில் வியர்க்கிறதா என்று தெரியும். ஆனால் அது வெறும் எச்சரிக்கை மணிதான். காயவில்லை என்று காட்டும், காய்ந்தது என்று உறுதி சொல்லாது. கான்கிரீட்டில் துளை போட்டு உள்ளே ஈரப்பதம் அளக்கும் சோதனைக்குக் காசு கொடுக்கச் சொல்.

அடுத்தது சத்தம். இந்த வீட்டில் மாடிப்படிக்கு முன்னால் ஒரு இடம் மிதித்தால் ‘க்ரீச்’ என்னும். மகன் கல்லூரிக் காலத்தில் எத்தனை மணிக்கு வருகிறான் என்று எங்களுக்குச் சொன்னது அதுதான். ஒருவர் நடக்க, ஒருவர் குனிந்து கேட்டுச் சாக்பீஸால் குறி போட, கடைசியில் உத்தரம் போகும் வழியெல்லாம் அரையடிக்கு ஒரு ஸ்க்ரூ இறக்கினோம். பிளைவுட் உத்தரத்தோடு இறுகிப் போனது. சத்தம் நின்றது. இனி அவன் எந்நேரம் வந்தாலும் தெரியாது. கல்யாண வயது வந்துவிட்டதால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மட்டம் பார்த்த விதம் எனக்குப் புதிது. நான் நம் ஊர்க் கொத்தனார் நினைப்பில் ரசமட்டத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. பத்தடி நீள நேர்ப்பலகையைத் தரையில் வைத்து அடியில் டார்ச் அடித்தார். தரை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் குற்றமில்லை, மேடுபள்ளம்தான் ஆகாது. பத்தடிக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பலகை அந்தரத்தில் நின்று, மிதிக்கும்போதெல்லாம் அமுங்கி எழுந்து, நாளடைவில் பலகையும் பலகையும் கோத்துக்கொள்ளும் பூட்டுவாய் உடையும்.

இதற்கிடையில் பொங்கல் வந்தது. ஜனவரி 14 அன்று சமையலறையில் அடுப்பு இல்லை. இங்கே கேஸ் இணைப்பை நாமே கழற்றக்கூடாது, உரிமம் உள்ளவர் வந்து கழற்றிப் போயிருந்தார். உன் தங்கச்சி பேஸ்மென்டில் துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் மின்னடுப்பு வைத்துப் பொங்கல் பொங்கினாள். பால் பொங்கி எந்திரத்தின் மேலேயே வழிந்தது. நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று கேட்காதே. மதியம் அண்ணர் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பொங்கலும் வடையும் வந்தது. அதைத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்புதான் பெட்டிகளை உள்ளே கொண்டுவர அனுமதி கிடைத்தது. அதற்கும் முன் வீட்டுக் காற்றைச் சரி செய்ய வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓட ஓடக் காற்று அப்பளமாகக் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் ஈரப்பதம் 22 சதவீதம். பலகை கம்பெனி கேட்பது 35-க்கு மேல். ஃபர்னஸில் மாட்டிய, காற்றுக்கு ஈரம் ஊட்டும் ஹியூமிடிஃபையர் எத்தனையோ வருடமாக ஓடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பட்டையை மாற்றி 37-க்குக் கொண்டுவந்தோம். அதிகம் ஏற்றினால் ஜன்னலெல்லாம் வியர்த்துச் சொட்டும், அதுவும் மரத்துக்கு ஆகாது. பெட்டிகளைப் பிரிக்காமல், வெளிச்சுவரைத் தொடாமல், இடையில் காற்றுப் போக இடம் விட்டுப் படுக்கையாக அடுக்கினோம். எங்கள் பலகைக்கு 72 மணி நேரம் என்று கம்பெனித் தாளில் இருந்தது. நாங்கள் ஆறு நாள் விட்டோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் இது மாறும். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் வைக்கச் சொல். பின்னால் தரை தூக்கினால் அவர்கள் முதலில் கேட்பது அதைப் பின்பற்றினாயா என்றுதான்.

சில்லறை வேலைகள் சில. சுவரடிப் பட்டைகளைக் கழற்றும்போது பின்பக்கம் எண் எழுதி வைக்க வேண்டும். நான் எழுதவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கதவு நிலைகளின் அடியைப் பலகை நுழையும் உயரத்துக்கு அறுக்க வேண்டும், ஒரு பலகைத் துண்டைக் கீழே வைத்து அதன் மேல் ரம்பத்தைப் படுக்கப் போட்டால் அளவு தானாக வரும். சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விட்டே தீர வேண்டும், கோடையில் தரை விரிய. இன்னொன்று, பாத்திரம் கழுவும் எந்திரம். அதற்கு முன்னால் மட்டும் பலகை போட்டுத் தரையை உயர்த்திவிட்டால், நாளைக்கு அது பழுதானால் வெளியே இழுக்க முடியாது, மேடைக்கல்லுக்கு அடியில் சிறைப்பட்டுவிடும். எந்திரத்தை எடுத்துவிட்டு அதன் அடியிலும் பலகை ஓட வேண்டும். திரும்ப உள்ளே நுழைய உயரம் போதுமா என்றும் முதலிலேயே அளக்கச் சொல்.

பலகை அடிக்கும்போது நான் செய்தது ஒன்றே ஒன்று. நாலைந்து பெட்டியை ஒரே நேரத்தில் பிரித்து, நிறம் கலந்து, வெடிப்பு உள்ளதை ஒதுக்கி எடுத்துக் கொடுத்தேன். அடித்த பிறகு குறை சொன்னால் கம்பெனி கேட்காது.

தரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை வீடு கழுவிவிடும் பழக்கம் போச்சு. பிழிந்த துணிதான். குத்துவிளக்குக்கு அடியில் பித்தளைத் தாம்பாளம் வந்துவிட்டது. உன் ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய் சிந்தினால் மினுக்குக் கூடும், இங்கே சிந்தினால் என் பேச்சுக் கூடுகிறது என்கிறாள் உன் தங்கச்சி.

நீ உன் கண் அறுவை பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கல்லைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கட்டு அவிழ்த்தாயிற்றா, எழுத்துத் தெரிகிறதா, வண்டி ஓட்டலாம் என்றார்களா? அடுத்ததில் அதை முதலில் எழுது. டிசம்பரில் வருவதாக இருக்கிறோம். என் தங்கச்சியிடம் சொல், கொழுக்கட்டைக்கு நான் இப்போதே பதிந்து வைத்துவிட்டேன் என்று.

மருமகனை ஒரு சனிக்கிழமை இங்கே வரச் சொல். மில்ட்டனிலிருந்து அரை மணி நேரம்தான். கடப்பாரை, ஸ்டேப்பிள் பிடுங்கும் குறடு, முட்டிப் பட்டை இரண்டு ஜோடி, எல்லாம் பேஸ்மென்டில் ஒரு வாளிக்குள் தயாராக இருக்கிறது. நேர்ப்பலகை பத்தடி, அவர் கார் கொள்ளுமா என்று கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை