திரும்பும் நேரத்தையும் அறிவிப்பில் போடுங்கள்: ஒருநாள் மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையேற்றக் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாளில் போர்வைக்குள் கிடக்க வேண்டிய ஆட்களை எழுப்பிக் கூட்டிவந்து மலைப்பாதையில் நடக்க வைக்கிறீர்கள். உங்களில் பலர் இதைச் சம்பளம் இல்லாமல், சொந்த நேரத்தைச் செலவழித்துச் செய்கிறீர்கள். குறை சொல்லத்தான் இந்த மடல் என்றாலும், அதற்கான நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அறிவிப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. 'எளிதான பாதை, புதியவர்களும் வரலாம். ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும்.' கிளம்பும் நேரம் இருக்கும், கூடும் இடம் இருக்கும், உச்சியில் கையை விரித்து நிற்கும் படம் கட்டாயம் இருக்கும். எத்தனை மணி ஆனால், எந்த இடத்தில் இருந்தாலும் சரி, திரும்பிவிடுவோம் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. முதல்முறை வருகிறவருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல் அதுதான் என்று நினைக்கிறேன். பையில் என்ன வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒருநாள் நடை கெட்டுப்போகும் விதம் பெரும்பாலும் சாதாரணமானது. கிளம்பும்போதே அரை மணி தாமதம். வழியில் ஒருவருக்குக் காலில் கொப்புளம். படம் எடுக்க நின்ற நேரம் கணக்கிலேயே வராது. உச்சி இதோ தெரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஏறுவது. இறங்கும்போது இருட்டிவிடும். பகலில் கண்ணில் பட்டு ஒதுங்கிப்போகும் கல், இருட்டில் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். அதுவும் இறங்கும் நேரத்தில்தான் தொடை தளர்ந்திருக்கும், கவனமும் போயிருக்கும்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. இன்றும் புழக்கத்தில் உள்ளது. 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம் வரும். ஆனால் இது நடந்து பழகிய ஆள் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு இதை ஒன்றரை மடங்காவது ஆக்குங்கள். நானாக இருந்தால் இரண்டு மடங்கு வைப்பேன், அதன்மேல் சாப்பாட்டு நேரத்தைத் தனியாகச் சேர்ப்பேன். சூரியன் மறையும் நேரத்திலிருந்து இறங்க ஆகும் நேரத்தைக் கழித்து, இன்னும் ஒன்றரை மணி நேரத்தையும் கழித்தால் திரும்ப வேண்டிய நேரம் கிடைத்துவிடும். 6 மணிக்குச் சூரியன் மறையும், இறங்க 2 மணி நேரம் ஆகும் என்றால், 2.30-க்குத் திரும்ப வேண்டும். உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும்.

வழியில் சந்தேகம் வந்தால் கையை முழுக்க நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் விரல்களைக் கிடையாக அடுக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிட வெளிச்சம் பாக்கி. மேற்கில் மலை மறைத்தால், அல்லது அடர்ந்த மரங்களுக்குள் நடந்தால், இதைவிட முன்னாலேயே இருட்டும்.

சரி, பைக்கு வருவோம். சியாட்டில் நகரத்து 'தி மவுண்டனீயர்ஸ்' சங்கம் 1930-களில் தன் பயிற்சி வகுப்புகளுக்காகப் பத்துப் பொருள்களைத் தொகுத்தது. வரைபடம், திசைகாட்டி, விளக்கு, கூடுதல் உணவு, கூடுதல் உடை, முதலுதவிப் பொருள்கள், கத்தி, வெயில் கண்ணாடி, தீப்பெட்டி, தீமூட்ட உதவும் பொருள் என்று போகும் பட்டியல். தண்ணீரும் மழைக்கு ஒதுங்க ஒரு மறைப்பும் பின்னால் சேர்ந்தன. இவற்றில் பாதிக்குமேல் நல்லபடியாக நடந்து முடிந்த நாளில் வெளியே எடுக்கக்கூடத் தேவைப்படாது. புதியவர்கள் இவற்றை வீட்டிலேயே விட்டுவருவதும் அதனால்தான். இந்தப் பட்டியலில் தீமூட்டும் பொருள்களை மட்டும் நான் புதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். காய்ந்த காட்டில் பழக்கமில்லாத கையில் இருக்கும் தீப்பெட்டி, குளிரைவிடப் பெரிய ஆபத்து. பல காடுகளில் அதற்குத் தடையும் உண்டு.

'குழுவில் ஒருவர் கொண்டுவந்தால் போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது. முதலுதவிப் பை எப்போதும் முன்னால் போகிறவர் முதுகில் இருக்கும், கொப்புளம் எப்போதும் பின்னால் வருகிறவர் காலில் இருக்கும். பாதை நெடுகக் குழு நீண்டு பிரியும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு விசில், தன் தண்ணீர், தன் மழைச்சட்டை, ஒரு வேளைக்குக் கூடுதலாகச் சாப்பிட ஏதாவது. இவற்றில் பகிர்ந்துகொள்ளும் பேச்சே வேண்டாம்.

விளக்கு என்றால் தலையில் மாட்டும் ஹெட்லேம்ப். போனில் டார்ச் இருக்கிறதே என்பவர்களுக்கு: இறங்கும்போது இரண்டு கையும் தேவைப்படும், உதவிக்கு அழைக்கப் போனில் சார்ஜும் தேவைப்படும். விசில் கொண்டுவரச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் ஊத முடியும், கத்தலைவிட அதிகத் தூரம் கேட்கும். லண்டனின் ஆல்பைன் கிளப் 1894-இல் கொண்டுவந்த முறைப்படி, ஆபத்தில் இருப்பவர் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடியும் ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் மூன்று ஊதலே ஆபத்துக்கான அழைப்பு. ஆகவே எந்த முறை என்பதைக் கிளம்பும் முன் பேசிவிட்டு, ஒருமுறை எல்லோரையும் ஊதவும் வையுங்கள்.

ஷூ விஷயத்தில் உங்கள் அறிவிப்பு வெறும் 'ஷூ' என்று நின்றுவிடுகிறது. அதைப் படித்துவிட்டு ஒருவர் முந்தின நாள் வாங்கிய புத்தம்புது ஷூவோடு வருகிறார். இன்னொருவர் அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்ததைத் தூசி தட்டிப் போட்டு வருகிறார். இரண்டாமவர் நிலை இன்னும் மோசம். பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தால் அது வருடப்போக்கில் சிதைந்துவிடும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். நடு வழியில் அடிப்பாகம் கழன்று விழும். அதனால் புதியதோ பழையதோ, ஒரு வாரம் ஊருக்குள் நடந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் சரியும் என்பதால் விரல் நுனிக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், நகத்தையும் வெட்டியிருக்க வேண்டும். கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ் இல்லாமல் மலைக்கே வரக்கூடாது என்று பயமுறுத்தாதீர்கள். லேசான பையோடு நல்ல பாதையில் நடப்பவருக்கு, தேயாத அடிப்பாகம் உள்ள சாதாரண ஷூவே போதும்.

காலில் ஓரிடம் சுடுவது போல் இருந்தால் அதுதான் கொப்புளத்தின் தொடக்கம். அப்போதே நின்று டேப் ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டு அவர் சொல்லாமல் நடந்தால், பிறகு எல்லோருக்கும் ஒரு மணி நேரம் போகும். அதனால் அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். முதல் அரை மணியில் நீங்களே குழுவை நிறுத்தி, 'யாருக்காவது கால் உறுத்துகிறதா?' என்று கேளுங்கள்.

உடையில் ஒரே ஒரு விஷயம்: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஈரச் சட்டையோடு காற்றில் நின்றால் வெயில் ஊரிலும் உடம்பு வெடவெடக்கும். நடுக்கத்தோடு பேச்சு குழறினால், கை தடுமாறினால், ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து உதவிக்கு அழையுங்கள்.

வெயிலில் நிலைமை நேர்மாறு. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான அளவு, கடும் வெயிலில் அதைவிடக் கூடும். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். இடையிடையே உப்புள்ள தின்பண்டமோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ வேண்டும். வெயிலில் நடந்தவர் குழம்பிப் பேச ஆரம்பித்தால் அது வெப்பத்தாக்கு. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குடிக்கக் கொடுக்க வைத்திருந்த தண்ணீராக இருந்தாலும் ஊற்றுங்கள்.

போனைக் கிளம்பும்போதே ஃபிளைட் மோடில் போடச் சொல்லுங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். பெரும்பாலான போன்களில் ஃபிளைட் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பாதையின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால். போகும் பாதை, திரும்பும் நேரம், எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் தேடச் சொல்லவேண்டும் ஆகியவற்றை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு வரச் சொல்லுங்கள். பவர் பேங்கைவிட அது முக்கியம். அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இடியைப் பற்றி ஒரு கணக்கு. மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் 30 விநாடிக்கும் குறைவு என்றால் உச்சியையும் திறந்த மேட்டையும் விட்டு உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏறக்கூடாது. தனி மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்பும் முன் சொல்லும் குழுக்கள் மிகக் குறைவு. சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது: முன்னாலும் பின்னாலும் யாரும் தெரியவில்லையென்றால் நில், விசிலை ஊது, அங்கேயே இரு. ஓடை வழியே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நம்பிப் போகாதே. ஓடை அருவியாக விழும் இடத்தில் கொண்டுபோய் விடலாம்.

இதெல்லாம் வருகிறவர்கள் செய்ய வேண்டியவை. இனி உங்களைப் பற்றி.

முன்னால் போகிறவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள். மெதுவாக வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேருவார். 'வந்துட்டாங்க, கிளம்பலாம்' என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் அது நாள் முழுக்கக் கிடைக்காது. இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். மெதுவாக நடப்பவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் வந்து சேரும்வரை நில்லுங்கள். பாதை தெரிந்த ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும்.

ஆஸ்துமா, சர்க்கரை, பூச்சிக்கடி ஒவ்வாமை உண்டா என்பதை எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். மருந்து இருக்கிறதா என்று கேட்பதோடு, அது பையின் எந்த அறையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கடைசியாக, பாதியில் திரும்ப நினைப்பவர். 'முடியலன்னா நீங்க மெதுவா இறங்கிடுங்க, வண்டிப் பக்கம் இருங்க' என்று அவரைத் தனியாக அனுப்பும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. களைத்துப்போன, பாதை தெரியாத ஒருவரைத் தனியே இறங்கச் சொல்வது அன்று நீங்கள் எடுக்கும் முடிவுகளிலேயே ஆபத்தானது. அவரோடு யார் இறங்குவார் என்பதைக் கிளம்பும் இடத்திலேயே முடிவு செய்து, பெயர் சொல்லி அறிவியுங்கள். உச்சியை விட்டுக்கொடுத்து இறங்க ஒருவரும் முன்வராத நாளில், 'புதியவர்களும் வரலாம்' என்ற வரியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடக்க வருகிறவர்களில் ஒருவன்