லைற் அணையட்டும் எண்டு தமிழிலயும் சொல்லுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் வெள்ளவத்தையில இருக்கிறன், முந்தி கல்ஃப்பில ஒரு ஏயாப்போற்றில 9 வருஷம் ராம்ப்பில, அதாவது பிளேன் வந்து நிக்கிற தளத்தில, பெட்டி ஏத்தி இறக்கினனான். பிளேன் வந்து நிண்ட உடன எஞ்சினும் நிண்டிட்டுது எண்டுதான் ஆக்கள் நினைக்கினம், ஆனா முதுகிலயும் வயித்துக்குக் கீழயும் சிவப்பா மினுங்குற பீக்கன் லைற் அணையுமட்டும் எஞ்சின் சுத்துது எண்டுதான் நாங்கள் எடுக்கோணும். சத்தத்தை வைச்சுச் சொல்லேலாது, காதை மூடி மஃப் போட்டிருப்பம், பக்கத்து பிளேனும் இரைஞ்சுகொண்டு நிக்கும்.

சேர்ந்த புதுசில ஒருநாள் பிளைற் லேற், சூப்பவைசர் கெதியா கெதியா எண்டு கத்த நான் லைற்றைப் பாக்காம பெட்டி ஏத்துற ஹோல்ட் பக்கம் ஓடினன், பின்னால ஒருத்தர் ருக்கோ ருக்கோ எண்டு கத்தினார், எனக்கு ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது, என்னை அவசரப்படுத்துறார் எண்டு நினைச்சு இன்னும் வேகமா ஓடினன். அவர் ஓடிவந்து சட்டையில பிடிச்சு இழுத்துப்போட்டார். ருக்கோ எண்டா நில்லு எண்டு பிறகுதான் தெரியும். அந்த மனுசனை நான் இண்டைக்கும் கும்பிடுறன்.

2022 டிசம்பர் 31 அமெரிக்காவில மொன்ட்கோமரி எண்ட இடத்தில ஒரு ராம்ப் பிள்ளை எஞ்சினுக்குள்ள இழுபட்டுச் செத்தது. அந்த பிளேனில ஏ.பி.யு, அதாவது தரையில நிக்கேக்க கரண்ட் குடுக்கிற சின்ன எஞ்சின், வேலை செய்யேல்ல, அதால தரையில இருந்து கரண்ட் குடுக்குமட்டும் ஒரு எஞ்சினை ஓடவிட்டிருந்தவை. பிளேன் வர முதலே ரெண்டு தரம் எல்லாரையும் கூப்பிட்டு கிட்ட போகாதேங்கோ எண்டு சொல்லியும் இருக்கினம் எண்டு விசாரணையில வந்தது. விளங்குற பாஷையில ரெண்டு தரம் சொல்லியும் இப்பிடி எண்டா, விளங்காத பாஷையில சொன்னா என்ன கதி? 2015இல மும்பாயில ஒரு டெக்னீசியன் செத்ததும் கோ-பைலட் கைச்சைகையைப் பிழையா விளங்கினதாலதான் எண்டு அப்ப செய்தியில வந்தது.

கட்டுநாயக்கவில இந்த வேலைக்கு மலையகத்தில இருந்தும் வடக்கு கிழக்கில இருந்தும் எங்கட பெடியள் சேருவினம். 1987இல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, அது பெயர்ப்பலகையோட நிக்கக்கூடாது. டியூட்டி தொடங்க முதல் குடுக்கிற பிரீஃபிங், சுவரில ஒட்டுற நோட்டீஸ், எஞ்சினுக்கு முன்னால எவ்வளவு தூரம் விலகி நிக்கோணும் எண்ட படம் எல்லாம் தமிழிலயும் வேணும். நில்லு எண்டதுக்கு மூண்டு பாஷைக்காரருக்கும் தெரிஞ்ச ஒரே சொல், ஒரே கைச்சைகை வைச்சு முதல் நாளே பழக்குங்கோ.

மற்றது, லைற் நிக்குமட்டும் பொறுத்து நிண்ட பெடியனிட்ட ஏன் லேற் எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது, அந்த ரெண்டு மூண்டு நிமிசத்தை லேற் கணக்கில போடாதேங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்