நாள் முழுவதற்கும் ஒரே தள அளவா? குதிரைப் பந்தயத் திடல் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வென்ற குதிரையின் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்குவரை அறிவிக்கிறீர்கள். அது எப்படிப்பட்ட தரையில் ஓடியது என்பதற்கோ, பல திடல்களில் காலையில் எழுதிய ஒற்றைச் சொல்தான் மாலைவரை செல்லுபடியாகிறது. நடுவில் மழை கொட்டினாலும் அந்தச் சொல் அசைவதில்லை.

எங்களைப் போல நேரத்தை வைத்துக் குதிரையின் திறனைக் கணிப்பவர்களுக்கு முதல் வேலையே தரையின் பங்கையும் குதிரையின் பங்கையும் பிரிப்பதுதான். குதிரைகளின் ஒவ்வொரு தரப்பிரிவுக்கும் தூரத்துக்கும் வழக்கமான நேரம் ஒன்றை வைத்துக்கொண்டு, அன்றைய வெற்றி நேரங்கள் அதிலிருந்து எவ்வளவு விலகின என்று பார்க்கிறோம். அந்த விலகல்களின் சராசரிதான் தளத் திருத்தம். (முன்னால் போக யாருக்கும் மனமில்லாமல் மெதுவாகவே ஓடிய பந்தயத்தை இதில் சேர்க்கக் கூடாது. அது தரையின் குற்றமல்ல.)

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டாவது பந்தயம், 1200 மீட்டர், கீழ்ப்பிரிவு. வழக்கமான நேரம் 1 நிமிடம் 13 நொடி, வந்தது 1 நிமிடம் 12 நொடி. பிறகு மழை. ஆறாவது பந்தயம், அதே தூரம், மேல்பிரிவு. வழக்கம் 1 நிமிடம் 11 நொடி, வந்தது 1 நிமிடம் 12 நொடி. மற்றப் பந்தயங்களும் இப்படியே, மழைக்கு முன் ஒரு நொடி வேகம், பின் ஒரு நொடி தாமதம். நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால் பூஜ்யம்! இரு குதிரைகளும் சமம் என்று ஆகிவிடும். மழைக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகத் திருத்தினால் முதலாவது 1 நிமிடம் 13 நொடி, மற்றது 1 நிமிடம் 11 நொடி. உண்மையில் இரண்டுக்கும் இடையே இரண்டு நொடி, ஏறக்குறைய பத்துக் குதிரை நீளம்.

அமெரிக்காவின் டெய்லி ரேசிங் ஃபார்ம் நாளிதழ் முன்பு மூன்று ஆண்டுகளின் சிறந்த நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தம் கண்டது. நல்ல குதிரைகள் ஓடிய நாளெல்லாம் தரை வேகமானதாகத் தோன்றும் கோளாறு அதில் இருந்தது. தரப்பிரிவைக் கணக்கில் கொண்ட, பந்தயக் கணிப்பாளர் ஆண்ட்ரூ பேயரின் வேகப் புள்ளிகளை 1992 முதல் அதே நாளிதழ் வெளியிடுகிறது. அந்தச் சிக்கலைக் கணிப்பாளர்களே தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் மூன்றாவது பந்தயத்துக்குப் பின் தரை எவ்வளவு இளகியது என்பதை எங்கள் மேசையிலிருந்து அளக்க முடியாது.

ரெயில் (ஓடுபாதையின் உள்வேலி) விஷயம் இன்னும் மோசம். அரைவட்ட வளைவில் உள்வேலியை 6 மீட்டர் வெளியே தள்ளினால் ஓடும் தூரம் ஏறத்தாழ 19 மீட்டர் கூடுகிறது. ஒரு நொடிக்கு மேல் போய்விடும். தொடக்கக் கோட்டையும் அதற்கேற்ப நகர்த்தினீர்களா என்று தெரியாவிட்டால், நீங்கள் தரும் நூறில் ஒரு பங்குத் துல்லியத்தை வைத்து நாங்கள் என்ன செய்வது?

கருவி இல்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியா தரையை 1 முதல் 10 வரை எண்ணால் தரம் பிரிக்கிறது. பந்தய நாளிலேயே அதை மாற்றியும் அறிவிக்கிறது. பிரிட்டனில் கோயிங்ஸ்டிக் என்ற கோலை மண்ணில் ஊன்றிச் சாய்த்து இறுக்கத்தை அளக்கிறார்கள். திடல் முழுவதும் அளக்க நேரமில்லை என்றால் வளைவில் இரண்டு இடம், நேர்ப்பாதையில் இரண்டு இடம் போதும்.

ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் எடுத்த அந்த அளவையும், ரெயில் நகர்வையும், தண்ணீர் பாய்ச்சிய நேரத்தையும், நேர்ப்பாதையில் காற்றடிக்கும் திசையையும் முடிவுப் பட்டியலிலேயே அச்சிடுங்கள். வரும் பருவத்தின் முதல் நாளிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
முடிவுப் பட்டியலை வரி விடாமல் படிக்கும் ஒருவன்