கூர்ப்பின் பெயரால் ஏழையைப் பழிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, ‘தக்கன பிழைக்கும் என்பது டார்வின் விதி, ஏழைகள் பின்தங்குவதும் அப்படித்தான்’ என்றது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இதை வாசித்து அப்படியே நம்பிவிடுவார்களே என்று மனம் கேட்கவில்லை.

அந்த வாசகத்தை முதலில் எழுதியவர் ஆங்கிலேய மெய்யியலாளர் ஹேர்பேர்ட் ஸ்பென்சர், 1864இல். டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல்தான் அதைச் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் இப்படியான பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது? 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், ‘தகுதியற்றவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டமே போட்டது. சமூக விஞ்ஞானிகள் பலர் கூர்ப்பு, அதாவது பரிணாமம், என்றாலே ஒதுங்கியதில் வியப்பில்லை.

ஆனால் ஒதுங்கினால் நட்டம் நமக்குத்தான். எங்கள் திருகோணமலைக் கரைகளில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, மெல்ல மெல்ல நெருங்கி வந்து, மீன் சேரும் வலையின் மடியைக் கரையேற்றுவார்கள். ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் தப்பிவிடும். வலுவான ஒருவன் தனியே இழுத்து ஆகிற தொழிலா இது?

சரி, ஒற்றுமை தானாக வந்துவிடுமா? அதுவும் இல்லை. இலங்கையின் தெற்கே மாவெல்ல கரையில் கரைவலைக்காரர் முறை வைத்துத்தான் வலை போட்டார்கள். ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்குக் கடிவாளம் இல்லாமல் போனது. புது வலை இறக்கியவனுக்கு இலாபம், கரை முழுவதற்கும் நட்டம். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். தனியாளுக்கு ஆதாயமானது கூட்டத்தைக் கெடுக்கும்போது எந்த விதிகள் கூட்டத்தைக் காக்கும்? கூர்ப்பியலாளர் கேட்கும் கேள்வியும் இதுதான். அதனால்தான் உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சன் ஒஸ்ட்ரத்தோடு சேர்ந்து எழுதினார். அந்தக் கட்டுரை ஒஸ்ட்ரம் மறைந்தபின் 2013இல் வெளிவந்தது.

பழக்கவழக்கங்கள் பரம்பரையலகால் (ஜீனால்) அல்ல, பார்த்துப் பழகுவதால் கைமாறுகின்றன. எதைப் பின்பற்றுகிறோம், எதை விடுகிறோம் என்பதை ஆய்வாளர்கள் ரொபர்ட் பொய்டும் பீட்டர் ரிச்சர்சனும் 1985இலேயே கணித மாதிரிகளாக்கிக் காட்டிவிட்டார்கள். நம் பல்கலைக்கழகச் சமூகவியல் வகுப்புகளில் இதையெல்லாம் தமிழில் பேச வேண்டும். எங்கள் கரைகளில் வலை போட முறை வைக்கும் ஏற்பாடுகளையும் பங்கு பிரிக்கும் வழக்கங்களையும், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரும் வலை இழுப்பவர்களும் சொல்லச்சொல்ல மாணவர்கள் எழுதிவைக்க வேண்டும்.

முதல் வேலையாக, அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடும்படி தயவாய்க் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.