டர்பன் தமிழ்ப் பள்ளிக் குழுக்களுக்கு: நிரல் வகுப்பை லிஸ்ப் வழியில் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வார இறுதித் தமிழ் வகுப்புகளோடு கணினி நிரல் எழுதவும் கற்றுக்கொடுங்கள் என்று சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெற்றோர் கேட்கிறார்கள். எந்த மொழியில் தொடங்குவது என்றால் பைத்தான், ஜாவா என்ற பெயர்களே முதலில் வருகின்றன. ரேக்கெட்டில் தொடங்குங்கள் என்று வேண்டவே இம்மடல். 1958இல் ஜான் மெக்கார்த்தி அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த மொழி அது. இலவசம், நிறுவிய பின் இணையமும் வேண்டாம்.

இலக்கணம் என்று படிக்க வேண்டியது மிகக் குறைவு. அடைப்புக்குறிக்குள் முதலில் செய்யவேண்டிய வேலை, பிறகு அதற்கு வேண்டிய பொருள்கள். (* 2 (+ 3 4)) என்று எழுதினால் உள்ளே இருப்பது 7 ஆகும், (* 2 7) மிஞ்சும், விடை 14. கூட்டல் முன்னா, பெருக்கல் முன்னா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. ரேக்கெட்டின் தொடக்கநிலை மொழிகளில் இந்தச் சுருக்கத்தைப் படிப்படியாகத் திரையில் காட்டும் கருவியே உண்டு. கணக்கு நோட்டில் வரி வரியாகச் சுருக்கிப் பழகிய பிள்ளைக்கு இது அந்நியமாகத் தெரியாது. மின்சாரம் போனாலும் அதே பாடத்தைத் தாளில் தொடரலாம். நம் ஊரில் வகுப்பெடுப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பட்டியலில் உள்ள எண்களைக் கூட்ட வேண்டுமா? பட்டியல் வெறுமையானால் விடை 0. இல்லையேல் முதல் எண்ணோடு மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர். வாயால் சொன்னதே ஏறத்தாழ நிரலாகிவிடுகிறது.

எனக்கு முக்கியமானது இனிமேல்தான். ரேக்கெட்டில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். மொழிக்குப் புதுக் கட்டளை சேர்க்கும் மேக்ரோ என்ற சிறு நிரலை ஆசிரியர் எழுதிவைத்தால் கட்டளைச் சொல்லும் தமிழாகும்:

(வரையறு (இரட்டிப்பு எண்) (* 2 எண்))

அதாவது, இரட்டிப்பு என்றால் கொடுத்த எண்ணை 2ஆல் பெருக்குவது.

மொழியை வளர்க்கும் உரிமையை எழுதுபவரிடமே ஒப்படைப்பது லிஸ்ப் குடும்பத்தின் பெருங்கொடை. வாரம் ஒருமுறை மட்டும் தமிழ் எழுத்தைத் தொடும் நம் பிள்ளைகள், கணினியை வேலை வாங்குவதற்காகத் தமிழ் எழுதுவார்கள். பிழையாக எழுதினால் நிரல் ஓடாது என்பதால் எழுத்துப்பிழையையும் தாங்களே தேடித் திருத்துவார்கள்.

வேலைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நிரலுக்கு இனித் தேவைப்படாத நினைவக இடத்தைக் கணினி தானே மீட்கும் முறையை மெக்கார்த்தி லிஸ்ப்புக்காகவே வகுத்தார். ஜாவா இன்று அதை நம்பியே இயங்குகிறது. இரட்டிப்பு போன்ற ஒரு செயலை இன்னொரு செயலுக்கு மதிப்பாகக் கொடுக்கும் வழக்கத்தை, 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட், ஸ்கீம் என்ற லிஸ்ப் வகையிலிருந்து எடுத்துக்கொண்டது. இங்கே கற்றது அங்கே வீணாகாது.

இது நம் தென்னாப்பிரிக்காவுக்கும் புதிதல்ல. 1928இல் பிரிட்டோரியாவில் பிறந்து, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, இனஒதுக்கலை எதிர்த்த சேமூர் பேப்பர்ட்தான், 1967இல் சிந்தியா சாலமன் முதலானோருடன் சிறுவர்களுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார். அதுவும் லிஸ்ப்பின் வழித்தோன்றலே. கணினி குழந்தையை ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தையே கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

பத்து வயதுக்கு மேற்பட்டோருக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், ஒரு பருவம் மட்டும் ஒதுக்குங்கள். இருவருக்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். கட்டளைச் சொற்களின் தமிழ்ப் பட்டியலை உங்கள் தமிழாசிரியர்களோடு அமர்ந்து நானே தயாரித்துத் தருகிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் செய்துகாட்ட அனுமதி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்தில் வாழும் நிரலாளர் ஒருவர்